ரம்ஸியின் முழங்கால்

இந்த நாற்காலிக்கு முதுகு இருக்கிறது, நீதிபதி ஐயா. நல்ல விஷயம். வாழ்நாளில் பாதியைப் பெஞ்சில் கழித்தவனுக்குச் சாய்ந்து உட்கார இடம் கொடுத்தால், கேட்காததையும் சொல்லத் தோன்றும். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். என் மருமகன் வக்கீல்தான். அவன் வாயைத் திறந்தால் நான் செய்யாததற்கும் சேர்த்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

உனக்குப் பிறகு கோச்சாக ரம்ஸியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்கிறீர்கள். போன கோடையில் டெலிவிஷன்காரர்களும் இதையே கேட்டார்கள், கண்ணில் தண்ணீரோடு. நீங்கள் தண்ணீர் இல்லாமல் கேட்கிறீர்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

சனூபர் கிளப்புக்குக் கூடைப்பந்தில் அதுவரை கிடைத்த கோப்பையெல்லாம் நான் வாங்கிக் கொடுத்ததுதான். பெய்ரூட்டில் இதை டாக்ஸிக்காரனிடம் கேட்டாலும் சொல்வான், வாடகையும் வாங்கமாட்டான். கடைசிக் கோப்பை வாங்கின மறுவாரம் கிளப் தலைவர் தவ்ஃபீக் என்னைக் கடலோரத்தில் மீன் சாப்பிடக் கூப்பிட்டார். மனிதர் சிமென்ட் வியாபாரி. பேச்சும் சிமென்ட் மாதிரிதான். கொட்டும்போது குழைவாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். மீனின் முள்ளை அவரே எடுத்து, நல்ல துண்டாக என் தட்டில் வைத்தார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு அப்படிச் செய்வார்கள். வெட்டப்போகிற ஆட்டுக்கும் நல்ல புல்தான் போடுவார்கள்.

"ஹபீபி நக்லே, ஜனங்க உன்னைத் தோள்ல தூக்கி வெச்சிருக்காங்க. இறங்கறதுக்கு இதைவிட நல்ல நேரம் வராது."

"தோள்ல இருக்கறவன் எதுக்கு இறங்கணும்?"

"தூக்கினவனுக்குத் தோள் வலிக்குமில்ல?" என்று சிரித்தார். "அடுத்தது யாருன்னு நீயே சொல்லு. நீ கை காட்டறவன்தான். ராஜா மாதிரி."

என்னை வெளியே தள்ளுகிறார்கள், தள்ளுகிற கதவை என்னையே திறந்துவிடச் சொல்கிறார்கள். நான் கோபப்படவில்லை. மீனைச் சாப்பிட்டு முடித்தேன். நல்ல மீன்.

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லிதுவேனியாக்காரர், விதாஸ் என்று பெயர். வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். குளிர்காலத்தில் விடியற்காலை கடலில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பயிற்சி பார்க்க வந்த மனிதர். நெஞ்சுக்குள் குதிரை கட்டியிருப்பவர். பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து வருஷம் எழுந்திருக்கமாட்டார். இன்னொருவன் ரம்ஸி, என் உதவியாளன்.

ரம்ஸியின் நெஞ்சைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் ரம்ஸிக்கும்.

அவன் எனக்கு ஆட்டக்காரனாக வந்தவன். இருபது வயசில், பயிற்சி நடுவே, கொடியிலிருந்து துணி நழுவுகிற மாதிரி கூடைக்கு அடியில் விழுந்தான். நான்தான் என் காரில் போட்டு மலைமேல் இருந்த ஒரு பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார். ஓடக்கூடாது, கோபப்படக்கூடாது, கத்தக்கூடாது, கலவரப்படக்கூடாது. அமைதியாக இருந்தால் பேரன் எடுப்பான் என்றார். இந்த நாலும் இல்லாத வேலை ஒன்று என்னிடம் இருக்கிறது டாக்டர், என் உதவியாளன் வேலை என்றேன். டாக்டர் சிரித்தார். அவர் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார். அவர் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் ரம்ஸிக்கு ஹியாமோடு நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர் கறாரான ஆள். பழக்கடையில் ஆப்பிளையே மூன்று தடவை உருட்டிப் பார்த்து வாங்குகிறவர். "கோச், யாருக்கும் சொல்லிடாதீங்க" என்று ரம்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முழங்கால் போய்விட்டது, இனி ஆடமாட்டான் என்று ஊருக்குச் சொன்னோம். ஊர் நம்பியது. பையன் ஒரு மாசம் நொண்டினான். சில நாள் இடது கால், சில நாள் வலது கால்.

அதன்பிறகு வருஷக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கணக்குப் போடுவான், இரண்டு பேருக்கும் சேர்த்து நான் கத்துவேன். அவனை என் மகன் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. என் சொந்த மகன் கனடாவிலிருந்து பெருநாளைக்குப் பெருநாள்தான் போன் பண்ணுவான்.

ரம்ஸிதான் என்று நான் கைகாட்டியதும் ஊரே உருகியது. பெரிய மனசு என்றார்கள். சாயந்திரம் ரம்ஸி என் வீட்டு பால்கனிக்கு வந்தான்.

"கோச், இது எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரியும்ல... என் நெஞ்சு."

"எந்த நெஞ்சு? உனக்கு முழங்கால்தானடா."

இரண்டு பேரும் சிரித்தோம்.

"பயமா இருக்கு கோச்."

"நான் எங்கடா போறேன்? உனக்குப் பின்னாடியே உக்காந்திருப்பேன். பெஞ்சுக்குப் பின் வரிசையில எனக்கு ஒரு சீட் போடச் சொல்லு."

என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. தாங்கமாட்டான் என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. சீசன் நடுவில் மூச்சு வாங்க வந்து, முடியவில்லை கோச் என்பான். கிளப்பும் தலையைச் சொறிந்துகொண்டு என் கதவைத் தட்டும். லிதுவேனியாக்காரரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

இப்போது மணிமாலைச் சமாச்சாரம். எங்கள் ஊரில் ஆம்பளைகள் கையில் எப்போதும் ஒரு மணிமாலை உருளும். தொழுகிறவன், தொழாதவன், சூதாடுகிறவன் எல்லோர் கையிலும். மற்ற கோச்சுகள் விரலை நீட்டி மடக்கிச் சைகை காட்டுவார்கள். எதிராளி ஒரே வாரத்தில் அதைப் படித்துவிடுவான். நான் மணிமாலையில் காட்டினேன். உள்ளங்கையில் மெல்ல உருட்டினால் நிதானமாக ஆடு. விரலில் மாட்டிச் சுழற்றினால் ஓடு. முஷ்டிக்குள் மூடினால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள். கிழவன் மணி உருட்டுகிறான் என்று எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். என் பையன்களோ நாய்க்குட்டி சோற்றுக் கையைப் பார்ப்பது போல என் கையையே பார்ப்பார்கள். ஒரு தடவை நான் கொசு விரட்ட மாலையைச் சுழற்றப்போய், ஐந்து பேரும் ஓடிப்போய்க் கூடை போட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கொசுவுக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

பதவி மாற்று விழாவில் என் மஞ்சள் அம்பர்க்கல் மாலையைக் கேமராவுக்கு முன்னால் ரம்ஸியின் கையில் கொடுத்தேன். பையன்கள் அழுதார்கள். இனிமேல் வெறுங்கையோடு இருப்பேன் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

ரம்ஸி ஜெயிக்க ஆரம்பித்தான். தொடர்ந்து ஜெயித்தான். கத்தாமல், கோபப்படாமல், ஏதோ நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி ஜெயித்தான். எனக்கு ரொம்பச் சந்தோஷம். சந்தோஷத்தில் மூன்று கிலோ இளைத்தேன். தெருவில் ஒரு பையன் என்னைப் பார்த்து, "ரம்ஸிக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே அங்கிள்?" என்றான். அங்கிள் என்றான், ஐயா.

மறுநாள் பஸ்தா கடைத்தெருவுக்குப் போய் அதே நிறத்தில், அதே கனத்தில் ஒரு அம்பர் மாலை வாங்கினேன். வயசானவன் கை சும்மா இருந்தால் நடுங்கும்.

அடுத்த ஆட்டத்தில் ரம்ஸியின் மாலை மெல்ல உருண்டது. பின்வரிசையில் என் மாலை சுழன்றது. மூன்று பேர் நிதானித்தார்கள், இரண்டு பேர் ஓடினார்கள். வண்டியில் பூட்டிய மாடு ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. தோற்றார்கள். பையன்களைக் குறை சொல்லக்கூடாது. தாங்கள் யார் கையைப் பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. பழக்கம் கண்ணில் இருந்தது, புத்தியில் இல்லை.

நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படிச் செய்யவில்லை. உப்பு மாதிரி, தேவையான இடத்தில் கொஞ்சம். கோப்பை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அது என் கிளப்.

கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. "நக்லே! நக்லே!" நான் எழுந்து, உட்காருங்கள் என்று கையமர்த்துவேன். இன்னும் கத்துவார்கள். ரம்ஸியின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கும்போதே மெலிந்துகொண்டு வந்தது. முதல்முறையாகக் கத்தினான். நடுவரோடு சண்டை போட்டான். நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதை நான் மட்டும் பார்த்தேன். என்ன செய்தான் தெரியுமா? என்னிடமே வந்தான்.

"கோச், நீங்க இன்னும் ஒரு வரிசை முன்னாடி வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கு."

வந்தேன். கேட்டதை மறுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் ஹியாம் வீட்டுக்கு வந்தாள். பேரீச்சம்பழம் வைத்த மஅமூல் பலகாரம் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். என்னைச் சித்தப்பா முறைக்கு அம்மோ என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மோ, நான் ஆட்டத்தைப் பாக்கறதில்ல. ரெண்டு மாசமா உங்க கையைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"கெழவன் கையில பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

நான் காப்பியை ஆற்றினேன்.

"அவர்கிட்ட சொன்னேன். என்மேல கோபப்பட்டு எந்திரிச்சுப் போயிட்டார். என் அப்பாவைப் பத்தி வேணும்னா தப்பாப் பேசு, கோச்சைப் பத்திப் பேசாதேன்னு சொல்றார்" என்றாள். "ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்கறார் அம்மோ. கேட்டா முழங்கால் வலிங்கறார். முழங்கால் வலிக்கு யாராவது உக்காந்து தூங்குவாங்களா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் வராதீங்க. உங்க கால்ல விழறேன்."

"அட, எந்திரி. கால் எல்லாம் வேண்டாம். நான் வரலை, போ."

மனசாரத்தான் சொன்னேன். மறுநாள் பார்த்தால் முகச்சவரம் செய்து, கோட்டுப் போட்டு, அரங்கத்து வாசலில் நிற்கிறேன். மஅமூலில் சர்க்கரை கொஞ்சம் கம்மி.

அன்று ஜெனரேட்டர் விளக்குகளை மட்டும்தான் தாங்கியது, குளிரூட்டியை நிறுத்திவிட்டார்கள். அரங்கம் ரொட்டி அடுப்பு மாதிரி. கடைசி இருபது வினாடி. ஒரு புள்ளி நாங்கள் முன்னால். பந்தும் எங்களிடம். வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் போதும், கோப்பை ரம்ஸிக்கு. அவன் மாலையை மெல்ல, மெல்ல உருட்டினான். சரியான முடிவு. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நான் சுழற்றினேன்.

கேப்டன் ஜாத் ஓடினான். பந்தைப் பறிகொடுத்தான். எதிராளி கூடை போட்டான். ஒரு புள்ளி நாங்கள் பின்னால்.

ரம்ஸி களத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தான். மாலை இன்னும் சுற்றி முடியவில்லை. பெண்டாட்டி சொன்னதைக் கேட்காதவன், அப்போது கேட்டுக்கொண்டான் என்று நினைக்கிறேன். என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான். பிறகு, இருபது வயசில் விழுந்த அதே மாதிரி விழுந்தான்.

வெக்கையில் மயக்கம் என்றார்கள். எங்கள் வழக்கப்படி ஆரஞ்சுப்பூத் தண்ணீரை முகத்தில் தெளித்தார்கள். ஒருவன் கழற்றின சட்டையால் விசிறினான். நாடி மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோகிற இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கிற பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. கிளப் நன்கொடை. நாடா வெட்டித் திறந்துவைத்தவனே நான்தான். அணியின் டாக்டர், சின்னப் பையன், என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கோச், இவரை உங்களுக்குத்தான் ரொம்ப நாளாத் தெரியும். முன்னாடி ஏதாவது கோளாறு உண்டா? நெஞ்சு கிஞ்சு?"

"முழங்கால் மட்டும்தான்" என்றேன்.

உடை மாற்றும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காலை நாற்காலிமேல் உயர்த்தி வைத்தார்கள். பெட்டி சுவரிலேயே இருந்தது. நடுவர் வந்து, "பெஞ்சுல யார் நிக்கறது?" என்றார். ஒருவரும் நகரவில்லை. யாராவது நிற்க வேண்டும் அல்லவா? போய் நின்றேன். மாலையைச் சுழற்றினேன். ஜாத் ஓடினான், எறிந்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. கோப்பை.

தோளில் தூக்கினார்கள். மேலிருந்தபோது உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. சந்தோஷத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானே என்கிறீர்கள். பிழைத்திருப்பான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இந்தக் காலத்தில் வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? சரி. மாலையை வைத்துக்கொள்ள வேண்டுமா? வைத்துக்கொள்ளுங்கள், அத்தாட்சி என்றால் அத்தாட்சிதான். ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பயிற்சி ஆரம்பம். தவ்ஃபீக் இன்னும் கூப்பிடவில்லைதான். என் போன் உங்கள் மேஜையில் இருக்கிறதே, அதனால் இருக்கும். அடித்தால் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், நக்லே வருகிறான் என்று.