வேலை நிற்காத வாசல்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் அன்பு அண்ணன் வைகுண்டராஜ் அவர்களே! பந்தலுக்குப் பந்தல் பாடுபட்டுப் பன்னீர்த் திராட்சைக்குப் பெயர் வாங்கித் தந்த பெரியோர்களே! விடியுமுன் பழம் பறிக்கப் போகும் வீரத் தாய்மார்களே! இன்றைக்காவது கடையைப் பூட்டாமல் வந்திருக்கிற கம்பத்து வணிகப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கமும் சலாமும்.

சிரிக்கிறீர்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, பாருங்கள்!

சிங்கப்பூர் எவ்வளவு பெரிய நாடு? உலகப் படத்தில் ஒரு மிளகை வைத்தால் மறைந்துபோகும். பரந்த வயல் உண்டா? தோண்டி எடுக்கத் தங்கம் உண்டா? குடிக்கும் தண்ணீரையே அண்டை நாட்டிலிருந்து வாங்குகிறது. பின்னாலிருந்து யாரோ, "நம்மள மாதிரிதான்!" என்கிறார். ஆமாம் ஐயா, நம் தண்ணீரும் மலைக்கு அப்பாலிருந்துதான் வருகிறது, நம்மைப் போலத்தான்! ஆனாலும் உலகத்து முதலாளிகள் பணப்பையோடு அங்கே வரிசையில் நிற்கிறார்களே, ஏன்? அந்த நாட்டை நான் வியக்கிறேன். வாய்விட்டு வியக்கிறேன்!

போன மாதம் அந்த நாட்டு நிறுவனம் ஒன்றின் அதிகாரி ராஜமணி இங்கே வந்தார். பழம் கெடாமல் காக்கும் குளிர்பதனக் கிடங்கு கட்ட இடம் தேடி வந்தார். கிடங்கு நமக்கா, வெளிமாநிலத்துக்கா என்பதுதான் கேள்வி. விலை சரிந்த நாளில் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டு அழுதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

வணிகர் சங்கத் தலைவரான நம் அண்ணன் என்ன செய்தார்? மரியாதை செய்தார்! தோரணம் கட்டினார், மேளம் வைத்தார், அதோடு நின்றாரா? விருந்தாளியின் கௌரவத்துக்காகக் கடைவீதி முழுவதையும் அடைக்கச் சொன்னார்!

காரை விட்டு இறங்கிய ராஜமணி, ஷட்டர் இறங்கிய வீதியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரு தவறிட்டாங்க?"

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அந்த வீதியில் திறந்திருந்தது ஒரே ஒரு வாசல், அம்சத் பீவியின் திராட்சை மண்டி. சத்தம் கேட்டு ராஜமணி அங்கே நடந்தார். அண்ணன் முன்னால் ஓடினார்.

"அக்கா, வெளிநாட்டுக்காரர் வந்திருக்காக. செத்த நேரம் வேலைய நிறுத்துங்க!"

அம்சத் பீவி நிமிரவே இல்லை. கட்டி முடித்த பெட்டி ஒன்றைப் பிரித்து, அதை அடுக்கிய பெண்கள் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மேல பெருங்குலை, அடியில பொடிக்குலை. இதைக் கொச்சிக்கு அனுப்புனா நாளைக்கு எவன் நம்மளத் தேடி வருவான்? மறுபடி அடுக்குங்கடி! அவுக பார்க்க வந்ததே நம்ம வேலையத்தானே தம்பி? அதை நிறுத்திட்டு எதைக் காட்டுவீக? வாசலை மறைக்காம உள்ள வரச் சொல்லுங்க."

ராஜமணி உள்ளே போனார். லாரி கிளம்பும்வரை அங்கேயே நின்றார். பிறகு அண்ணனிடம் சொன்னார்: "எங்க நாடு பிழைச்சதே இப்படித்தான் சார். யார் வந்தாலும் துறைமுகம் நிக்காது. மேல காட்டுற சரக்குதான் அடியிலயும் இருக்கும்."

கேட்டீர்களா? சட்டம் அழைக்கலாம், சலுகை அழைக்கலாம், சாலை அழைக்கலாம். வந்தவனை நிற்க வைப்பது எது? நம்பிக்கை! நாணயம்! நாள் தவறாத உழைப்பு! கடுகளவு நாடு கடல் கடந்து நமக்குக் கற்றுத்தர வந்ததை, கம்பத்துப் பெண்மணி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாரே! என் நெஞ்சு நிறைகிறது!

நேற்று முடிவு வந்துவிட்டது. கிடங்கு கம்பத்துக்கே! தட்டுங்கள் கையை, மலையில் எதிரொலிக்கட்டும்!

அந்தத் தாய்க்குப் போடத்தான் இந்தப் பொன்னாடை. ஆனால் மேடையில் அவருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. ஆள் அனுப்பிக் கேட்டோம். "லோடு ஏறிக்கிட்டிருக்கு, அவுகளையே போத்திக்கிரச் சொல்லு" என்று பதில் வந்திருக்கிறது.

அண்ணன் மன்னிக்க வேண்டும். விழாவுக்காகக்கூட வேலையை நிறுத்தாத அந்தத் தாயின் காலி நாற்காலிக்கே இதைப் போர்த்துகிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம்!