நார்த்மீட்டின் லுஜைன்

நான் பொதுவாக நாடகம் பார்க்கிற ஆள் இல்லை. சமைக்கும்போது பக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சிவாஜினி என்பவள் வேலைவெட்டி இல்லாதவள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் பரமட்டாவில் ஒரு பல் மருத்துவரிடம் பதினொரு வருடங்களாக வரவேற்பில் இருக்கிறேன். ஒரு நோயாளியிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

தமிழில் சொல்லலாம் என்றீர்கள், நன்றி. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் ஆங்கிலத்தில் பேசினால் வசனத்துக்கு ஒரு 'சொறி' வந்து விழுந்துவிடுகிறது. கேட்பவர்கள் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள். மொழிபெயர்க்கிற தங்கச்சி தமிழ்நாட்டுப் பக்கம் போலிருக்கிறது. அவருக்கு வசதியாக, நிறுத்தி நிதானமாகப் புத்தகத் தமிழிலேயே சொல்கிறேன்.

அந்த அரபு நாடகம் மே மாதக் கடைசியில் வந்தது. பணக்காரப் பெண்கள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். அங்கே ரீமா என்று ஒரு சாதுவான பிள்ளை. அவளை லுஜைன் என்கிற அழகான பிள்ளையும் கூட்டாளிகளும் சேர்ந்து வதைக்கிறார்கள். மொத்தம் எட்டுப் பாகம். எங்கள் நார்த்மீட் பெண்கள் வட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர் இருக்கிறோம். இரண்டு வாரம் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

முதல் பாகத்துக்கு வந்த கருத்துகளில் பாதி, நாடகத்தில் வருகிற வீடுகளின் சோபாக்களைப் பற்றியவை. இராஜேஸ்வரி அன்ரி ஒரு குரல்பதிவு போட்டார்: "பாத்தீங்களே பிள்ளையள், அதுகளும் எங்கட பிள்ளையள் மாதிரித்தான் அழுதுகள்." அன்ரி இருபது வருடமாக அரபுக் கடையில்தான் இறைச்சி வாங்குகிறார். அவர்களுக்கும் கண்ணீர் வரும் என்பது அவருக்கு இந்த வருடம்தான் தெரியவந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதற்கு இதயம் போட்டோம். சந்திரகலா எழுதினார்: 'நல்லவேளை, நம்ம பசங்க இப்படி இல்ல. நம்ம வளர்ப்பு அப்படி.' அதற்கும் இதயம் போட்டோம்.

நான் கொஞ்சம் ஆழமாகப் பார்ப்பவள். பகிடிவதை என்பது எவ்வளவு கொடியது என்று நாலு பேர் அறியவேண்டும் என்று தோன்றியது. ஆகவே நாடகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற காணொளிகள் செய்யத் தொடங்கினேன். என் கணவர் சிறி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "கமராவைப் பாத்து அழாதையும். டீவியைப் பாத்து அழும்" என்று அவர்தான் சொல்லித்தந்தார். மூன்றாம் பாகத்தில் நான் அழுத காட்சியைப் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். ரொறன்ரோவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், தன் தாயே தன்னைக் கட்டிப்பிடித்ததுபோல் இருந்தது என்று எழுதினாள். இத்தனை வருட வேலையில் எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. பல் பிடுங்கப்பட்டவர்கள் அவ்வளவாக எழுதமாட்டார்கள்.

ஐந்தாம் பாகத்தன்று எட்டுப் பெண்களை வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம். பார்கவி சுண்டல் கொண்டுவந்திருந்தார். திருச்சிக்காரர், கணினி வேலை, அமைதியான மனுஷி. அவருடைய மகள் அக்ஷராவும் கூட வந்திருந்தாள். பதினைந்து வயது. என் மகள் ஆரணியும் அவளும் ஒரே வகுப்பு, இணைபிரியாதவர்கள்.

அந்தப் பாகத்தில்தான் லுஜைன் ரீமாவின் நாட்குறிப்பைத் திருடிப் பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் வாசிக்கிறாள். நான் அழுதேன். சிறி, ஒலி சரியாகப் பதியவில்லை என்றார். ஆகவே நாடகத்தைப் பின்னால் ஓட்டி, அதே இடத்தில் மறுபடியும் அழுதேன். பழச்சாறு எடுக்க வந்த அக்ஷரா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, செகண்ட் டேக் இன்னும் சூப்பர்" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெண்களும் சிரித்தார்கள். பார்கவி மட்டும், "ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு" என்று அதட்டினார். நான் பொருட்படுத்தவே இல்லை. சிரித்தவர்கள் ஐந்து பேர். இராஜேஸ்வரி அன்ரி வாய்விட்டும், சந்திரகலா சால்வையால் வாயைப் பொத்தியும் சிரித்தார்கள். எனக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி அதிகம்.

அன்று மாலையே ஒரு காணொளி போட்டேன். அதற்கு 'எங்கள் லுஜைன்' என்று தலைப்பு. லுஜைன்கள் அரபு நாட்டில் மட்டுமில்லை, நம் நடுவிலும் இருக்கிறார்கள், பிறர் கண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பேசினேன். பெயர் சொல்லவில்லை. அது என் ஒழுக்கம். பதினைந்து வயது, நல்ல உயரம், பரதம் ஆடுவாள், தாய்க்குக் கணினி வேலை, வீட்டு வாசலில் எலுமிச்சை மரம் நிற்கும் என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பார்வையாளர்களே பெயரைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். நம் ஆட்களின் மூளை அப்படி.

பத்தொன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நாடகத்தைக்கூட அவ்வளவு பேர் பார்த்திருப்பார்களோ தெரியாது. மெல்பேர்னிலிருந்து பிரதீப்குமார் என்பவர் தவறாமல் எழுதுவார். எல்லாக் கருத்தையும் 'ஒரு தகப்பனாகச் சொல்கிறேன்' என்றுதான் தொடங்குவார். அவருக்குப் பிள்ளைகளே இல்லை என்று பின்னால் தெரியவந்தது. அவர்தான் கேட்டார்: 'அந்தப் பெண் யாரையாவது துன்புறுத்தியதற்கு ஆதாரம் உண்டா?'

நியாயமான கேள்வி. ஆதாரம் இல்லை. ஆகவே ஒரு கடிதம் எழுதினேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து பெயர் சொல்ல விரும்பாத ஒரு தாய் எழுதியதுபோல எழுதினேன். 'என் மகளின் மதியச் சாப்பாட்டை உங்கள் லுஜைன் தினமும் குப்பைத்தொட்டியில் கொட்டுகிறாள்' என்று. அதைக் காணொளியில் வாசிக்கும்போது உண்மையாகவே அழுகை வந்தது. ஒரே தடவையில் சரியாகப் பதிவாயிற்று. இப்படிப்பட்ட தாய்மார் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு எழுத வராது. அவர்களுக்காக நான் எழுதினேன் என்றுதான் இன்றைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கடிதமும் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் சரக்குத் தீர்ந்துவிட்டது. கற்பனை என்பது எல்லோருக்கும் அளந்துதானே கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்போது ஆரணியின் மேசை லாச்சியில் ஒரு கொப்பி இருப்பது ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில், மனம் சரியில்லாமல் இருந்தபோது, பள்ளி ஆலோசகர் சொல்லி எழுதிவந்த கொப்பி.

அதற்கு முன் நான் அதைத் திறந்ததில்லை. பிள்ளைகளின் அந்தரங்கத்தை மதிப்பவள் நான். உள்ளே எல்லாம் இருந்தது. கழிப்பறையில் வைத்துப் பூட்டியது, உடம்பு மணக்கிறது என்று சொல்லி வகுப்பே மூக்கைப் பொத்தியது, நீச்சல் வகுப்பில் உடுப்பை ஒளித்துவிட்டதால் ஈரத் துவாயோடு அலுவலகம்வரை நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டில், அடுத்த அறையில் நடந்த துக்கம். எனக்குத் தெரியவே தெரியாது. இதையெல்லாம் செய்த பிள்ளையின் பெயரும் இருந்தது. சந்திரகலாவின் மகள். மத்தியானம் யாரும் பக்கத்தில் உட்காராத நாட்களில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பெயரும் இருந்தது. அது அக்ஷரா.

நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். என் காணொளி ஒவ்வொன்றையும் பதினான்கு குழுக்களுக்கு அனுப்புகிறவர் சந்திரகலா. அவருடைய மனத்தைப் புண்படுத்துவதில் அர்த்தமில்லை. அதோடு 'எங்கள் லுஜைன்' யார் என்று மக்கள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்கள். நடுவில் மாற்றினால் குழம்பிப்போவார்கள். ஆகவே சம்பவங்களை அப்படியே வைத்துக்கொண்டு, செய்தவளை மட்டும் மாற்றினேன். மூன்றிலிருந்து ஏழுவரையான கடிதங்கள் அவைதான்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஈரத் துவாயோடு நடந்த பிள்ளையை ஒரு பள்ளிக்கூடமே பார்த்திருக்கிறது. நான்காம் கடிதம் போன மறுநாள் ஆரணி வீட்டுக்கு வந்து, புத்தகப்பையைக்கூட இறக்காமல் குசினி வாசலில் நின்றாள். அவள் என்னோடு தமிழில் பேசுவதே அபூர்வம். அன்று தமிழில்தான் பேசினாள்.

"அம்மா, அது என்ர கொப்பி."

"உம்மட பெயர் எங்கயும் வரேல்லையே" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும். அக்ஷராவை லுஜைன் எண்டு கூப்பிடுறாங்கள். என்னை ரீமா எண்டு கூப்பிடுறாங்கள். அவள் எனக்கு ஒண்டும் செய்யேல்ல. அவள் மட்டும்தான் ஒண்டும் செய்யேல்ல. ப்ளீஸ், டிலீட் பண்ணுங்கோ."

நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாதிக்கப்பட்டவர்கள் தங்களை வதைத்தவர்களுக்காகவே பரிந்து பேசுவார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். ஐந்தாம் கடிதத்தின் முன்னுரையில் அதையும் சேர்த்துக்கொண்டேன். நிறையப் பேர் அதைப் பாராட்டி எழுதினார்கள்.

பார்கவி இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, யாரோ ஸ்கூலுக்குப் போன் பண்ணி இவளை நீக்கச் சொல்லுறாங்களாம். வாசல்ல முட்டை அடிச்சிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, உங்க பேச்சைக் கேப்பாங்க" என்று அழுதார். யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் ஏழு கடிதத்துக்கும் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

இனி நீங்கள் அந்த வியாழக்கிழமையைக் கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன்.

புதன்கிழமை ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார்: 'அந்தப் பெண்ணை நேரில் கண்டு நாலு புத்தி சொல்லவேண்டும். எங்கே பார்க்கலாம்?' அதற்கு நான் பதில் போட்டேன். பள்ளி விட்டு அவள் ஏறுகிற பேருந்தின் இலக்கமும், அது பரமட்டா நிலையத்துக்கு வருகிற நேரமும். மூன்று ஐம்பத்திரண்டு. வேறெதுவும் எழுதவில்லை. பேருந்து நேரம் இரகசியமல்ல. அரசாங்கமே தரிப்பிடத்தில் ஒட்டிவைத்திருக்கிறது.

மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூவரும் இளைஞர்கள், கையில் தொலைபேசியோடு. எனக்கு ஒருவரையும் தெரியாது. கமராவைப் பார்த்து மன்னிப்புக் கேள் என்று அக்ஷராவைச் சுற்றி நின்றார்களாம். ஆரணி நடுவில் புகுந்து, "நான்தான் அந்தப் பிள்ளை, இவள் ஒண்டும் செய்யேல்ல" என்று கத்தினாளாம். அவர்கள் அவளையும் படம் பிடித்திருக்கிறார்கள். அக்ஷரா உதறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவர்கள் துரத்த, நிலையத்துப் படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை விழுந்தாள். இடுப்பெலும்பும் தாடையும். இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னும் ஒன்று இருக்கிறது. இனி ஆடுவது கஷ்டம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களாம். ஆம்புலன்ஸை அழைத்தது ஆரணி. பிறகு பார்கவியை அழைத்திருக்கிறாள். என்னை அழைக்கவில்லை. நான் வேலையில் இருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

அன்றே அக்ஷராவுக்காக ஒரு பிரார்த்தனைக் காணொளி போட்டேன். யாராக இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே. முப்பத்தோராயிரம்.

சனிக்கிழமை பார்கவி ஆரணியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆரணி இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் அவரோடுதான் இருந்தாள். உடுப்பு எடுக்க வந்திருந்தாள். பார்கவி அழவில்லை, கத்தவுமில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, அந்த லெட்டரெல்லாம் யாரு எழுதுனா? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"எனக்கெப்படித் தெரியும்? பெயர் போடாமல்தானே அனுப்புறவை" என்றேன்.

சிறி எழுந்து, பார்கவிக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். ஆரணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் என் மடிக்கணினி. "ஏழும் இதுக்குள்ள இருக்கு அன்ரி" என்று பார்கவியிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. இருவரும் காரில் ஏறிப் போனார்கள். அன்றிலிருந்து என் மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மடிக்கணினியை உங்கள் பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து தந்ததும் அவள்தான் என்று அறிகிறேன். எனக்கு அவள்மீது கோபமில்லை. அந்த வயதில் யாரோ எதையோ சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பெற்ற தாயையே காட்டிக்கொடுத்துவிடும். நான் மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லச் சொல்லி மூன்று பேரிடம் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை.

சந்திரகலா குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். 'இந்த மாதிரி ஆட்கள் நம்ம நடுவுல இருந்தாங்களே' என்று எழுதினாராம். அதற்கும் எல்லோரும் இதயம் போட்டார்களாம். பிரதீப்குமார், ஒரு தகப்பனாக, எனக்குக் கடும் தண்டனை கேட்டிருக்கிறார்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஏழு கடிதங்களையும் எழுதியது நான். கொப்பியைத் திருடி வாசித்தது நான். செய்தவள் சந்திரகலாவின் மகள் என்று தெரிந்துகொண்டே அக்ஷரா என்று சொன்னது நான். பேருந்து நேரத்தைப் போட்டதும் நான்தான். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்றையும் மறுக்கவில்லை. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஆனால் இரண்டு மணி நேரமாக என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் இப்படி வதைத்தது யார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த லுஜைனை நீங்கள் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.