எல்லாம் அது வழியாகத்தான்

உங்கள் ஸ்டேஷன் மேசைக் கணினியில் வி.பி.என். ஓடுகிறது போலிருக்கிறது, சார். ஓரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இணைப்பு இருக்கிறது என்றுதான் அது சொல்லும். இருக்கும் இடம் வெளியே தெரியாமல் எல்லாம் அந்த வழியாகப் போகிறதா என்று சொல்லாது. இத்தனை வருடமாக அலுவலகங்களுக்கு இதைப் போட்டுக்கொடுக்கிறேன். விளக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

என் தங்கைக்கும் அப்படித்தான். புருஷன் வீட்டிலிருந்து அவள் கிளம்பிவந்த பிறகு, பேருந்து நிலையத்துக் காப்பிக் கடைக்கு என்னை வரச்சொன்னாள். துணிப்பையில் மடிக்கணினி. இடது கையால் தட்டினாள், வலது மணிக்கட்டுக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் கை நீளும். மற்றபடி தங்கமான மனிதர்.

"நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாதுண்ணா. அதுக்கு ஏதாவது போட்டுக் குடு."

"எங்க இருக்கே?"

"உனக்குத் தெரியாம இருக்கறதுதான் உனக்கு நல்லது. அவர் வந்து உன் உயிரை எடுப்பார்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, சார். என் கைவேலை வேண்டும், ஆனால் என்னிடம் விலாசம் சொல்லமாட்டாள். தோளில் தூக்கி வளர்த்தவன் நான்.

வி.பி.என். போட்டேன். எந்த நாட்டு இணைய எண்ணில் வெளியே போகிறோம் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, அணைத்துவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். எண் மாறியது, நாடே மாறியது. "அப்பாடா" என்று சிரித்தாள். வெகுநாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பக்கம் உலாவியை மட்டும்தான் சோதிக்கும். அவள் வேலைக்கு வைத்திருந்த மெயில் நிரலை நான் விலக்குப் பட்டியலில் போட்டிருந்தேன். அது மட்டும் வி.பி.என்.னுக்குள் நுழையாமல், இருக்கும் இடத்தின் எண்ணோடு நேர்வழியில் போகும்.

"எல்லாம் இது வழியாத்தானே போகும்?"

"எல்லாம்" என்றேன். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மெயில் போடு, குட்டி."

மெயில் வந்தது. அது வந்த வழியெல்லாம் அதன் தலைப்பகுதியில் பதிந்திருக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதில் இருந்த இணைய எண் ஒரு பெண்கள் விடுதியின் பெயரிலேயே பதிவாகியிருந்தது. நல்ல இடம்தான். அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்து மனசு லேசானது. அத்தோடு விட்டிருக்கலாம் என்பீர்கள்.

மாப்பிள்ளை தினமும் என் கடைக்கு வந்து, பழுதுக்கு வந்த கணினிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவார். ஆண்பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. விடுதியின் பெயரைச் சொன்னேன். "பேசிக் கூட்டிட்டு வாங்க, அவ பிடிவாதக்காரி" என்றேன். அவர் என் இரு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பையில் கத்தியை நான் வைக்கவில்லை, சார். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு, அந்த விலக்கை எடுத்துவிடும்படி தங்கைக்கு மெயில் போட்டேன். எதை எதை அமுக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினேன். என் தேவை முடிந்துவிட்டது, வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. "பண்ணிட்டேன். நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் கடைசி மெயில் வந்தது. "அண்ணா, அவர் கீழ நிக்கிறார். வார்டன் கதவைத் திறந்துட்டாங்க. எப்படிண்ணா கண்டுபிடிச்சார்? உடனே விடுதிக்குப் போன் போடு."

போட்டிருக்கலாம். விடுதியின் போன் எண் என் கைபேசியிலேயே இருந்தது. ஆனால் நான் முதலில் அந்த மெயிலின் தலைப்பகுதியைத்தான் திறந்தேன். வரி வரியாகப் பார்த்தேன். விடுதியின் இணைய எண் எங்குமே இல்லை. வேறு ஏதோ நாடு.

எல்லாம் அது வழியாகத்தான் போயிருந்தது, சார். என் வேலையில் ஒரு குறையும் இல்லை.