கடைசி இலக்கம்

— ஆறே முக்கால் ஆச்சு. ஏழரைக்கு ஸ்ட்ரெச்சரோட வந்துடுவாங்க. மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க.

— வரலை. விரல் வீங்கியிருக்கு... வீட்ல கம்ப்யூட்டர் ஓடுதா?

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு கேக்குற கேள்வியைப் பாரு. பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு கேட்டீங்களா?

— சாப்பிட்டியா?

— இல்ல. கையை நீட்டுங்க, சோப்பு போடுறேன்.

— எதுக்குப் பட்டினி கிடக்கிறே? சின்ன ஆபரேஷன்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு.

— உங்ககிட்ட சொன்னாரு. என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

— சரி, கம்ப்யூட்டர்...

— என் சக்களத்திக்கு என்ன குறை? ரெண்டு மாசமா அந்த அறையே அனலா கிடக்கு. மழைக்குத் துணியெல்லாம் அங்கதான் காயுது.

— அதுமேல போடாதேன்னு சொன்னேன்ல!

— பக்கத்துல கொடி கட்டியிருக்கேன். அன்னிக்கு கரண்ட் போனப்ப பதறினீங்களே... எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட அப்படிப் பதறல. என்னதான் இருக்கு அது ராப்பகலா சோதிக்கிற அந்த எண்ல?

— எதாலயும் வகுபடாது. அதாவது... வகுபடக் கூடாது. நாலு கோடி இலக்கம். ரெண்டை ரெண்டால பெருக்கிக்கிட்டே போயி, கடைசில ஒண்ணைக் கழிக்கணும். கம்ப்யூட்டர் பாஷையில எழுதினா ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு... நடுவுல ஒரு சைபர்கூட வராது.

— யாருக்கு உபயோகம்?

— ஒருத்தருக்கும் இல்ல. ஆனா அது பகா எண்ணா இல்லையான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. நம்ம துணி காயுற அறையிலதான் முதல்ல தெரியும்.

— முடிஞ்சுடுச்சுங்க.

— என்னது?

— கிளம்பும்போது பாத்தேன். ஃபேன் சத்தம் நின்னிருந்துது.

— என்ன வந்துது?

— பகா எண்தான்.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். ஸ்கிரீன்ல பெரிசா போட்டிருந்துது. வீட்டுக்கு வந்து நீங்களே பாருங்க.

— கடைசி இலக்கம் என்ன, பாத்தியா?

— பாத்தேனே. எட்டு.

— எட்டா?

— எட்டுதான். எதுக்குச் சிரிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. நல்ல எண்.

— சொல்லுங்க.

— எட்டுல முடிஞ்சா ரெண்டால வகுத்துடலாம்டி. இல்லைன்னுதானே வந்துது?

— ம்.

— அழாதே. அதைவிடப் பெரிய எண் எவ்வளவோ இருக்கு. இந்தா, மோதிரம் கழண்டுடுச்சு பாரு.

— உள்ள போகும்போது சந்தோஷமா போகட்டும்னுதான்...

— தெரியும்.

— ஏங்க.

— சொல்லு.

— சின்ன ஆபரேஷன்னு டாக்டர் சொன்னதா சொன்னீங்களே... அதுவும் எட்டுல முடியுற எண்தானா?