மணிமொழி சொன்ன பெயர்

வெயில் காலத்தில் ரவுட்டரை ஜன்னலோரம் வைக்கக் கூடாது சார், சூடேறி நின்றுவிடும். கள்ளக்குறிச்சியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்வேன். நிதானமாக எடுத்துச் சொன்னால் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்வார்கள். என் தங்கைதான் கேட்கமாட்டாள்.

மணிமொழி நெட்வொர்க் படித்தவள். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு லேப் போட்டிருந்தாள். விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாம் அதில் சேர்த்தி. பெங்களூரில் வேலை கிடைத்ததும், அங்கிருந்தே லேபுக்குள் வர வழி செய்துதரச் சொன்னாள். வெளியிலிருந்து வருகிற இணைப்பை ரவுட்டர் வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். முதலில் வேலை செய்யவில்லை. இணைய கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்திருந்தது. தனி முகவரி வாங்கிச் சரிசெய்தேன். அவள் கேட்டது ஒரு வழி, ஒரு போர்ட். நான் இரண்டு திறந்தேன்.

வயசுப் பெண் தனியாக அவ்வளவு தூரம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பயந்தால் போகாமல் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கடையில் உட்கார்ந்தபடியே அந்த இரண்டாவது வழியில் புகுந்து ஃபேனைப் போடுவேன், விளக்கை அணைப்பேன். ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் வைப்பேன்.

"இன்னாடா இது, ஆளே இல்லாம சுத்திக்கினு இருக்குது?" என்று அம்மா போனில் அழுதாள்.

மணிமொழி அழவில்லை. பாஸ்வேர்டை மாற்றினாள், ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டாள். "அண்ணா, யாரோ நம்ப நெட்வொர்க்ல பூந்துக்கினு இருக்காங்க. ஒரு வாட்டி வந்து பாரேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். "ஒருத்தரும் இல்லம்மா" என்றேன். அதன்பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா முடிவு செய்தாள்.

பேயோட்ட மலைக் கோயிலுக்குப் புறப்பட்ட அன்று காலை, ரவுட்டரில் இரண்டாவது போர்ட்டையும் என் கடை முகவரியையும் மணிமொழி கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவிடம் சொன்னாள்.

"கூடப் பொறந்தவன் மேலயே பழி போடுது பாரு. இது எம்பொண்ணு பேசல" என்றாள் அம்மா. ஜீப் வந்தது.

வெள்ளிமலை போகிற வழியில் அந்தக் கோயில். பூசாரி வேப்பிலையால் அவள் தலையில் தட்டி, "யாரு நீ? பேரச் சொல்லு" என்றார்.

"பிரவீன்குமார்" என்றாள், என்னைப் பார்த்தபடி. அது என் பெயர் சார்.

உயிரோடிருக்கிறவன் பெயரைச் சொன்னால் பேய் ஏமாற்றுகிறது என்று அர்த்தமாம். பூசாரி பிரம்பை எடுத்தார். மறுபடி கேட்டார், அவள் மறுபடியும் அதையே சொன்னாள். யாராவது நம்பிவிடுவார்களோ என்று எனக்கு அப்படி ஒரு பயம். பிரம்பு நிற்கவில்லை. கடைசியில் "செல்லியம்மாள்" என்றாள். எங்கள் தெருவில் கிணற்றில் விழுந்து செத்தவள் அவள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

திரும்பும்போது ஜீப்பிலேயே போனை எடுத்து அந்தப் போர்ட்டை மூடினேன். பிறகு ஃபேன் தானாகச் சுற்றவில்லை. பேய் போய்விட்டது என்று அம்மாவுக்கு நிம்மதி. மணிமொழி மட்டும் யார் கேட்டாலும் தன் பெயர் செல்லியம்மாள் என்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையேதான் சொன்னாளாம்.

நான் அவளை ஒரு அடி அடிக்கவில்லை சார். அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அவளுக்குத் துணையாகப் பக்கத்திலேயே நின்றேன்.