அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள்

எங்கள் ஆபீசில் காபிக்கு மட்டும் நான் குறை வைத்ததில்லை. பால் அன்றன்றைக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், டிகாக்‌ஷன் காலையிலேயே இறங்கியிருக்க வேண்டும். ஆறிய காபியைச் சுடவைத்துக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த நாட்டுச் சண்டையைக் கேட்பவர்களுக்கு அதையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் அல்லவா. அனுசுயா மேடம், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். முதலிலிருந்து சொல்லுங்க என்றீர்கள். எனக்கு ஒரு நாள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

என் பெயர் பீமராவ். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ரேடியோ, டிவி எல்லாவற்றையும் கேட்டு, அரசியலாக அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவோம். டெல்லியில் ஒரு நிறுவனம் அதை வாங்கிக்கொள்கிறது. அவர்கள் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஊரறியப் பேசுவதைத்தான் கேட்கிறோம். பாசில் என்ற பையன் மாலத்தீவையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வான். இலங்கை முழுவதும் ரஞ்சனியின் பொறுப்பு.

உங்களிடம் புகார் கொடுத்தது இந்த ரஞ்சனிதான். அவளைப் பற்றி நான் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா காலத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பம். அந்தச் சொந்தத்தை விடாமல் துறையூரிலேயே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அது வந்த கொஞ்ச நாளில் புருஷன் இறந்துபோனான். சிங்களமும் தமிழும் அவளுக்கு ஒன்றுபோல. ஒருவர் பேசப் பேசவே ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டு போவாள். அப்படி ஒரு ஆள் இந்த மாவட்டத்திலேயே வேறு கிடையாது.

அங்கே அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி. அருள்ராஜ். ஆட்டோ ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவள்தான் அவனை வளர்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவனோடு பேசுவாள். நானும் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, எங்க ரேடியோவெல்லாம் ஒங்க ஆபீசுல கேக்குமாமே. நான் அதுல பேசினா ஒனக்குக் கேக்குமா?"

"பேசித்தான் பாரேன்டா. என் காது பூரா அங்கதான கெடக்கு."

நானும் சிரித்தேன். நல்ல பையனாகத் தெரிந்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு, விளம்பரம், தனிப்பட்ட அறிவித்தல் இவற்றைக் கேட்க வேண்டாம் என்பது டெல்லியின் உத்தரவு. இலங்கைத் தமிழ் ரேடியோவில் காலைச் செய்திக்கு அப்புறம் மரண அறிவித்தல் படிப்பார்கள். இன்னார் காலமானார், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று வரிசையாக வரும். அது முடிந்த பிறகுதான் காணாமல் போனவர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பற்றிச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காபி குடிக்கலாம். ரஞ்சனி மட்டும் கழற்ற மாட்டாள்.

"அது நமக்குத் தேவையில்லம்மா" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"தெரியும் சார். நம்ம ஊராளுங்க பேரு ஏதாச்சும் வருதான்னு பாக்குறேன். நமக்குன்னு சொல்றத நாமளே கேக்கலைன்னா எப்படி சார்?"

யாரோ முன்பின் தெரியாத கிழவிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

போன பங்குனியில் இலங்கை தலைகீழானது உங்களுக்கும் நினைவிருக்கும். பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை, பாதி நாள் கரண்ட் இல்லை, மருந்து இல்லை. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊரடங்கு போட்டார்கள், ஒரு ராத்திரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. அதுவரை எங்கள் ரிப்போர்ட்டை எவனும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று எனக்கே தெரியும். இப்போது டெல்லியிலிருந்து தினமும் போன். "ராவ்ஜி, உங்களுடையதுதான் முதலில் வந்தது" என்பார் அந்த மனிதர். வாழ்க்கை பூராவும் பிறர் பேசியதை எழுதியவன் நான். என் பேச்சுக்காக ஒருவர் காத்திருந்தது அப்போதுதான். கர்வம் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, ரஞ்சனி காபி போடப் போயிருந்தாள். அவள் ஹெட்போனை நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். செய்தி முடிந்து அறிவித்தல் வந்தது. கழற்ற வேண்டியவன், அன்றைக்கென்று கழற்றவில்லை.

"எரிபொருள் வரிசையில் ஏற்பட்ட தீ விபத்தில் காயமடைந்து சிகிச்சை பெற்றுவரும் முச்சக்கரவண்டி ஓட்டுநர் அருள்ராஜ் என்பவரின் சகோதரி, இந்தியாவில் திருச்சிராப்பள்ளியில் வசிக்கும் ரஞ்சனி, உடனடியாக வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." ஒரு போன் நம்பரும் சொன்னார்கள். சொல்லி முடிக்கும்போது ரஞ்சனி இரண்டு டம்ளர்களோடு உள்ளே வந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கொழும்பில் அன்று என்ன நடக்கும் என்று டெல்லியே காத்திருந்தது. அவள் எழுந்து போய்விட்டால் சிங்களச் சேனல்களைக் கேட்க ஆள் கிடையாது. சாயங்காலம் ஆனபோது அவள் களைத்துப்போயிருந்தாள். களைத்திருப்பவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில், வேலை அதிகமாக இருப்பதால் தமிழ் ரேடியோவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ சிங்களத்தை மட்டும் பார் என்றேன். அவளுக்குச் சுமை குறைந்தது. நன்றி கூடச் சொன்னாள்.

அறிவித்தல் மறுநாளும் வந்தது. இந்த முறை இன்ன ஊசி மருந்து இங்கே கிடைக்கவில்லை, உறவினர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று மருந்தின் பெயரோடு சொன்னார்கள். அதற்கும் மறுநாள், வழக்கமாகப் படிக்கும் பெண் கொஞ்சம் தயங்கி, எழுதிக் கொடுக்காத ஒன்றைத் தானாகச் சேர்த்துச் சொன்னாள். "அவருடைய கைப்பேசி எரிந்துவிட்டதாம், இலக்கம் நினைவில் இல்லையாம். ரேடியோவில் சொல்லுங்கள், அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சொல்கிறாராம்."

அதையும் நான்தான் கேட்டேன், மேடம்.

ரஞ்சனி அப்போது என் எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு மந்திரியின் பேச்சை வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தாள்.

"சார், தம்பிகிட்டேருந்து ஒண்ணுமே வரல சார். போன் போட்டா போகவே மாட்டேங்குது."

"அங்க கரண்டே இல்லையேம்மா. எங்க சார்ஜ் போடுவான்? வாட்ஸாப்பையும் நிறுத்திட்டாங்கன்னு நீதான எழுதின."

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

அவள் எழுதியதையே அவளுக்கு ஆறுதலாகச் சொன்னேன். பொய் என்று அதில் எதுவும் இல்லை, சரிபார்த்துக்கொள்ளலாம். சமயபுரத்தில் பூச்சொரிதல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அம்மனே ஜனங்களுக்காகப் பட்டினி கிடக்கிற மாசம் சார், ஒரு தட்டுப் பூ கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன் என்று கேட்டாள். என் காரையே கொடுத்து அனுப்பினேன். மத்தியானச் செய்திக்குள் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். திரும்பிவிட்டாள்.

பிறகு ஒரு காலையில் அருள்ராஜின் பெயர் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. மரண அறிவித்தலை முதலில் படிப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா. பாசமிகு சகோதரி என்று ரஞ்சனியின் பெயரையும் படித்தார்கள். உறவினர் யாரும் வராததால் இறுதிச் சடங்கை ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களே செய்வார்கள் என்றார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அந்த வாரம் பாராளுமன்றமும் கூடுவதாக இருந்தது.

அவளுக்குத் தெரிந்தது சித்திரை பிறந்த பிறகு. அந்த ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து எப்படியோ இவள் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம். பழக்கத்தில் ரஞ்சனி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் பாசிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அழுகிற குரலில் கேட்டாள்: "ஏன் பிள்ளை, நாலு நாளா ரேடியோவுல சொன்னமே. நீங்க கேக்கலையா?"

ரஞ்சனி அழவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கேட்பதும் புரிந்துகொள்வதும்தானே அவள் வேலை. எழுந்து என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"தமிழ் ரேடியோவ நீங்கதான சார் கேட்டீங்க?"

"ஆமாம்மா."

"அவன் எனக்காகத்தான் சொல்லச் சொன்னான்னு தெரியுமா சார்?"

"தெரியும்."

அவ்வளவுதான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள். பாசில் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அன்றிலிருந்து அவனும் வரவில்லை.

என்னை எந்தப் பிரிவில் போடுவது என்று உங்கள் ரைட்டர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். கிடைக்காது, மேடம். கேட்டதைச் சொல்லாமல் இருந்ததற்குப் பிரிவு இருந்தால் எங்கள் தொழிலே நடக்காது. ஆனால் எனக்கு உறுத்துகிறது. ராத்திரி பகல் என்று இல்லாமல் உறுத்துகிறது. போன வாரம் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் மைக் கட்டியிருந்தார்கள். தொட்டியத்திலிருந்து வந்த மயிலம்மாள், உங்க பேத்தி அழுதுகிட்டு இருக்கா, எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். சாத்தியும் கேட்டது. அப்புறம் நானே இறங்கிப்போய்க் கூட்டத்தில் மயிலம்மாளைத் தேட ஆரம்பித்தேன். கிடைக்கவில்லை. அவள் முன்னாலேயே மேடைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

போனாலும் அவள் காப்பாற்றியிருக்க முடியாது என்று இங்கே வந்ததுமே உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம். முதல் அறிவித்தல் வந்த அன்று மத்தியானமே கம்ப்யூட்டரில் பார்த்தேன். மறுநாள் விமானத்தில் இடம் இருந்தது. நாட்டுக்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அதையும் அடித்துவிடுங்கள். நாளைக்கும் அந்த மனிதர் போன் செய்து ராவ்ஜி என்று கூப்பிட வேண்டும், அதற்காகத்தான். அருள்ராஜ் தீயில் சாகவில்லை. என் கையால் செத்தான்.

மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். பெயர் ரேடியோவில் வந்த அன்றைக்கே தில்லைநகரில் தெரிந்த மருந்துக்கடையில் வாங்கினேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். குளிரில் வையுங்க சார் என்றார்கள். ஆபீஸ் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். வேலை கொஞ்சம் ஓயட்டும், ரஞ்சனியிடம் விஷயத்தைச் சொல்லும்போது மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று திட்டம். காபி போடும்போது அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது யாருக்கு சார்? வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கும்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சமயபுரம் போய்த் திரும்பிய அன்று, நேராக என் அறைக்குத்தான் வந்தாள். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"அந்த மருந்து யாருக்கோ, அந்தப் பையனுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் சார். பொழச்சுக்குவான். கவலப்படாதீங்க."

அவன் அன்றைக்கு உயிரோடு இருந்தான். நான் எழுந்து நின்று குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். அவள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது, மேடம். அந்தப் பையனுக்காகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோம் என்று தோன்றியது.