மழை இல்லைத்தானே, தம்பி?

“இந்தப் பூமியில இனிப் பெய்யப்போற மழை, எறிக்கப்போற வெயில் எல்லாம் என்ர லப்டொப்புக்குள்ள வந்திட்டுது. கடவுள் இனி ஓய்வெடுக்கலாம்.”

சொன்னது பிரதாபன் அண்ணா. சிரிக்காமல் சொன்னார். எங்கள் சுமனின் சித்தப்பா மகன். சாட்சி வேண்டுமென்றால் சுமனைக் கேளுங்கள். அந்தா, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறான்.

உலகக் காலநிலையைக் கணினியில் ஓடவிடுவதுதான் அண்ணாவின் வேலை. பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போட்டு, நூறு வருடம் முன்னால் போய்ப் பார்ப்பது. வன்னி முழுவதும் ஒரே சதுரம். அதற்குள் குளம் இல்லை, வாய்க்கால் இல்லை. முத்துலிங்கம் மாமாவின் வயலும் இல்லை.

மாமா, அண்ணாவின் அம்மாவின் தம்பி. ஸ்கந்தபுரத்தில் நெல் விதைப்பவர். காட்டு ரோட்டில் இறங்குமுன் இலையோடு ஒரு குழை முறித்து, பாலைமரக் கிளையில் கொளுவி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். வன்னியில் எல்லோரும் செய்வதுதான். அண்ணா கேலி செய்யாமல் விடமாட்டார்.

“மாமா, பிள்ளையார் என்ன ஆட்டுக்குட்டியே? குழை போடுறியள்?”

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். படித்த மருமகன். அவ்வளவு பெருமை.

போன மார்கழியில், பொழுது சாயும் மம்மலில், மாமா அண்ணாவுக்குப் போன் எடுத்தார். வயல் கொட்டிலில் பன்றிக் காவல்.

“தம்பி, விடியுமட்டும் மழை இல்லைத்தானே? அப்ப கொட்டிலுக்கையே படுக்கிறன்.”

நூறு வருடக் கணக்குப் போடும் மொடலுக்கு இன்றிரவு தெரியாது. அது அண்ணாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ‘தெரியாது’ என்ற சொல் அந்த வாயில் வந்ததில்லை.

“இல்லை மாமா. என்ர மொடல் சொல்லுது. பயப்பிடாமப் படுங்கோ.”

அன்றிரவு பெய்த மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. கொட்டில் நின்ற இடமே தெரியவில்லை. மாமாவை மூன்றாம் நாள் சேற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

செத்தவீட்டில் மாமாவின் மனைவி அமராவதி மாமி தலையில் அடித்து அழுதா. “மழையெண்டால் அந்த மனிசன் அங்க படுக்காதே! ஆரோ என்னவோ சொல்லி ஏமாத்திப் போட்டாங்கள்!” அண்ணா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார்.

இந்தப் புரட்டாசியில் மாமியே அவரைக் கூப்பிட்டா. எப்போது விதைப்பது என்று கேட்க வேண்டுமாம். மருமகனை விட்டால் வேறு யாரை நம்புவது?

இரவு எட்டு மணி. அதே காட்டு ரோட்டில் அண்ணா தனியே. மழை கண்டு மாதக்கணக்கு... புழுதி. மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் ஒரு முயல்கூட இல்லை.

திடீரென்று பின்பக்கம் பதிந்தது. ஆள் ஏறினால் பதியுமே, அப்படி... பிறகு மணம். ஊறி அழுகின வைக்கோல். சேறு. முதுகில் சேர்ட் மெல்ல மெல்ல நனைந்தது.

காதுக்குக் கிட்ட...

“தம்பி... விடியுமட்டும் மழை இல்லைத்தானே?”

கோபமே இல்லையாம். நம்பிக் கேட்கிற அதே குரல். அதுதான் தாங்கவில்லை என்றார் அண்ணா.

 

பாலைமரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி, ஒரு குழை முறித்து, சத்தம் போடாமல் கிளையில் கொளுவினார்.

பின்னால்... ‘டக்’.

இன்னொரு குழை முறிந்தது.